சாலிஸ்பரி கதீட்ரலுக்கு ஒரு நாள் பயணம்: மாலை ஐந்தரையிலிருந்து திட்டம் போடுங்கள்

லண்டனிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய பழைய கதீட்ரல்கள் நிறைய உண்டு. கேன்டர்பரி, வின்செஸ்டர், ஈலி எதுவுமே மோசமில்லை. முதல்முறை போகிறவர் யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது சாலிஸ்பரியைத்தான். மற்ற பேராலயங்களில் ஒரு பகுதி ஒரு நூற்றாண்டு, அடுத்த பகுதி வேறு நூற்றாண்டு என்று கலந்து கிடக்கும். எதை எங்கே பார்க்கிறோம் என்று புரிவதற்குள் கால் வலித்துவிடும். சாலிஸ்பரியின் பிரதான கட்டடம் 1220இல் தொடங்கி 1258இல் அர்ப்பணிக்கப்பட்டது. முப்பத்தெட்டே வருடம். அதனால் உள்ளே நுழைந்ததும் எல்லாம் ஒரே பாணியில், ஒரே மூச்சில் கட்டியதுபோல் கண்ணுக்குப் பிடிபடும்.

பெரும்பாலான பயணக் குறிப்புகள் "காலை பத்து மணிக்கு நுழையுங்கள்" என்று ஆரம்பித்து மதியம் மூன்றரைக்கு உங்களை ரயிலேற்றிவிடும். நான் தலைகீழாகச் சொல்கிறேன். அங்கே நாளின் முக்கியமான நேரம் மாலை வழிபாடு, அதாவது ஈவன்சாங். வார நாட்களில் வழக்கமாக 5.30 மணிக்கு. அதை முதலில் குறித்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு முன்னால் அடுக்குங்கள்.

1. தேதியைத் தேர்ந்தெடுப்பது (இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்)

கதீட்ரலின் இணையதளத்தில் அன்றன்றைய வழிபாட்டு நேரங்களும் பாடல் பட்டியலும் இருக்கும். போகும் நாளின் பக்கத்தைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அன்றைய மாலை வழிபாடு பாடப்படுகிறதா, வெறுமனே வாசிக்கப்படுகிறதா. "ஈவன்சாங்" என்றோ "கோரல் ஈவன்சாங்" என்றோ இருந்தால் பாடகர் குழு உண்டு. "ஈவ்னிங் பிரேயர்" என்றோ "செட்" (said, அதாவது வாசிப்பு) என்றோ இருந்தால் யாரும் பாட மாட்டார்கள். சிலர் உட்கார்ந்து ஜெபங்களை வாசித்துவிட்டு எழுந்து போவார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் நீங்கள் அவ்வளவு தூரம் போவது அதற்காக இல்லை.

இரண்டாவது, பாடப்போவது யார். பாடகர் குழுவில் இருப்பவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சில பெரியவர்களும். பள்ளி விடுமுறை என்றால் குழுவுக்கும் விடுமுறை. ஆகஸ்டில் பெரும்பாலும் வெளியூர்க் குழுக்கள்தான் வந்து பாடும். அவர்களும் நன்றாகவே பாடுவார்கள். ஆனாலும் அந்த இடத்திலேயே வளர்ந்த குரல்களைக் கேட்க வேண்டுமென்றால் பள்ளி நடக்கும் மாதங்களில் போங்கள். சிறுமிகளுக்கென்று முதலில் தனிப் பாடகர் குழு தொடங்கிய ஆங்கிலக் கதீட்ரல் இதுதான், 1991இல். அதுவரை நூற்றாண்டுகளாகப் பையன்கள் மட்டும்.

மூன்றாவது, பட்டமளிப்பு, ஒத்திகை, கச்சேரி என்று ஏதாவது இருக்கிறதா. இருந்தால் கூடத்தில் பாதியைக் கயிறு கட்டி மூடியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையில் காலை முழுக்க ஆராதனை நடக்கும், மாலை வழிபாட்டு நேரமும் மாறும், போதாக்குறைக்கு ரயில் பாதையில் பராமரிப்பு வேலை என்று பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். என் ஓட்டு செவ்வாய்க்கோ வியாழனுக்கோதான். செவ்வாய் என்றால் ஊர்ச் சந்தையும் சேர்ந்து கிடைக்கும்.

2. ரயில்

வாட்டர்லூவிலிருந்து நேரடி ரயில், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கார் வேண்டாம். நிறுத்த இடம் தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

டிக்கெட்டில் பணம் மிச்சம் பிடிக்க: வார நாளில் காலை ஒன்பதரைக்கு மேல் கிளம்பினால் ஆஃப்-பீக், அதாவது நெரிசல் இல்லாத நேரக் கட்டணம். மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து போனால் குரூப்சேவ் என்று கேட்டு வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு குறையும். இருவர் மட்டும் என்றால் டூ டுகெதர் ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அனுப்பி வைக்கிறீர்கள் என்றால் அவர்கள் பெயரிலேயே எடுத்துக் கொடுங்கள், அடுத்த பயணங்களுக்கும் ஆகும்.

"அப்படியே ஸ்டோன்ஹெஞ்சையும் பார்த்துவிடலாமே?" என்று கட்டாயம் கேட்பீர்கள். சாலிஸ்பரி ஸ்டேஷனிலிருந்தே அங்கே பேருந்து போகிறது, உண்மைதான். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் அடிபடுவது கதீட்ரல்தான். ஸ்டோன்ஹெஞ்சுக்கு இன்னொரு நாள் வாருங்கள்.

(ஊரைப் பற்றி ஒரு இடைச்செருகல். 2018 மார்ச்சில் இங்கே ஒரு முன்னாள் ரஷ்ய உளவாளி மீது நோவிசோக் என்ற நரம்பு நஞ்சால் தாக்குதல் நடந்தது. அதே நஞ்சு ஜூலையில் ஒரு பெண்ணின் உயிரையும் பறித்தது. பிரிட்டன் குற்றம்சாட்டிய இரண்டு ரஷ்யர்கள் பிறகு தொலைக்காட்சியில் தோன்றி, 123 மீட்டர் கோபுரத்தையும் பழைய கடிகாரத்தையும் பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகள் நாங்கள் என்றார்கள். முதல் நாள் பனிச்சகதி தாங்காமல் லண்டனுக்குத் திரும்பி, மறுநாள் மறுபடி வந்தார்களாம். இந்தக் கதீட்ரலுக்கு இப்படியும் ஒரு விளம்பரம்.)

3. கோபுரம் ஏறுவதா?

ஏறுவதென்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். ஒரு தடவைக்குச் சிலரைத்தான் வழிகாட்டியோடு மேலே அனுப்புவார்கள். 332 படி, போகப் போக ஒடுங்கும் சுருள் படிக்கட்டு. முட்டி வலி, மூச்சுத் திணறல், உயர பயம் இருப்பவர்கள் விட்டுவிடலாம். ஏறுகிறவர்கள் உச்சிமுனை வரை போக முடியாது; ஊசிக்கோபுரத்தின் அடிவரைதான். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் கோபுரத்தின் உட்பக்கம் முழுக்க மரச்சாரம். இடைக்காலத்தில் கட்டும்போது போட்ட சாரம், இன்னும் அங்கேயே இருக்கிறது. எனக்கு மேலிருந்து தெரியும் ஊரைவிட அதுதான் பிடிக்கும்.

மதியம் ஒரு மணியை ஒட்டிய நேரமாகப் பதிவு செய்யுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும், அதற்கு முன்பே ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

4. உள்ளே: கிழக்குக் கோடியிலிருந்து ஆரம்பியுங்கள்

ஸ்டேஷனிலிருந்து கால் மணி நடை, கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தவறாது. ஹை ஸ்ட்ரீட்டின் கோடியில் இருக்கும் பழைய கல்வாசல் வழியாகப் போங்கள். நுழைவுக்கு டிக்கெட் உண்டு, இணையத்திலேயே வாங்கலாம். வெளியே போய்த் திரும்பி வர முடியுமா என்று வாசலில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆண்கள் தொப்பியை எடுத்தால் போதும். ஜூலையிலும் உள்ளே சில்லென்றுதான் இருக்கும், ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

எல்லாரும் நுழைந்த இடத்திலேயே நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் நேரே கிழக்குக் கோடிக்கு நடந்துவிடுங்கள். அங்கே டிரினிட்டி சேப்பலில் அடர்நீலக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. மனசாட்சிக் கைதிகளுக்காக, அதாவது கொள்கைக்காகச் சிறைப்பட்டவர்களுக்காக, 1980இல் வைத்தது. செய்தவர் பிரான்ஸின் ஷார்த்ர் ஊரைச் சேர்ந்த கேப்ரியேல் லுவார். கிழக்கு ஜன்னலுக்குக் காலை வெயில் வேண்டும். மதியத்துக்கு மேல் போனால் வெறும் இருட்டு நீலம்தான்.

அங்கிருந்து திரும்பி வரும் வழியில், கோபுரத்துக்கு நேர் கீழே, நான்கு பெரிய தூண்கள் நிற்கும் இடத்தில் நிதானமாக நில்லுங்கள். முதல் திட்டத்தில் இவ்வளவு உயரக் கோபுரம் கிடையாது. பிறகு வந்தவர்கள் 6,000 டன்னுக்கு மேல் எடையுள்ள கோபுரத்தை இந்தத் தூண்களின் தலையில் ஏற்றிவைத்தார்கள். அஸ்திவாரமோ நாலடி ஆழம்தான்; அடியில் ஈரச் சரளை மண். ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய், கன்னம் கல்லில் படும் அளவுக்கு நெருங்கி, அதன் விளிம்போடு மேலே பாருங்கள். மெல்லிய கருநிறக் கல் தண்டு வில்போல வளைந்திருப்பது தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. 1668இல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் வந்து அளந்தபோதே உச்சி சுமார் 75 செ.மீ. சாய்ந்திருந்தது. கட்டடம் நிற்பது ஆற்றங்கரை ஈரத்தின் மேல் என்பதால், தரையில் ஒரு துளை வழியாகக் கோலை விட்டு நிலத்தடி நீர் மட்டம் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. வழிகாட்டியிடம் கேட்டால் இடத்தைக் காட்டுவார்.

நான் ஆடியோ கைடு எடுப்பதே இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் தன்னார்வ வழிகாட்டிகள் எல்லாரும் கேள்விக்காகக் காத்திருப்பவர்கள். ஒன்று கேட்டால் பத்து சொல்வார்கள். கையில் ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் ஜன்னல் ஓவியங்களும் விதானப் பூவேலையும் கிட்டே வரும். கழுத்து வலிக்கிறதா? போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து படுக்கையாகப் பிடியுங்கள், 25 மீட்டர் உயர விதானம் உள்ளங்கையில் தெரியும்.

மையக்கூடத்தில் சிற்பி வில்லியம் பை 2008இல் செய்த ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. சிலுவை வடிவம், மூன்று மீட்டர் அகலம், நாலு மூலையிலும் நீர் சத்தமில்லாமல் வழியும். மேல்பரப்பு அசையாமல் இருப்பதால் பளபளக்கும் மேசை என்று நினைத்துப் பையை வைக்கப் போகிறவர்கள் உண்டு. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வடக்குப் பக்க நடையில் இருப்பது அந்தக் கடிகாரம், 1386 வாக்கில் செய்ததாகச் சொல்வார்கள். முகப்பைத் தேடாதீர்கள், கிடையாது. மணி அடிப்பதற்கு மட்டுமே செய்த இரும்புச் சட்டம் அது.

5. மாக்னா கார்ட்டா

நடைமண்டபம் வழியாகச் சாப்டர் ஹவுஸுக்கு, அதாவது கதீட்ரல் குருமார் கூடும் எண்கோண அறைக்குப் போங்கள். மாக்னா கார்ட்டா என்பது இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த சாசனம். அதன் 1215ஆம் வருட மூலப் பிரதிகளில் எஞ்சியிருப்பவை நான்கு. அதில் ஒன்று இங்கே. பிரதிகளை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் பொறுப்பில் இருந்த எலியாஸ் என்பவரே பிறகு இந்தக் கதீட்ரல் கட்டும் வேலையையும் மேற்பார்த்தார். இருட்டுக் கூடாரத்துக்குள் மங்கிய வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள், படம் எடுக்கக் கூடாது. எறும்பு ஊர்வதுபோல் நெருக்கிய லத்தீன் எழுத்து, முத்திரை எப்போதோ தொலைந்துவிட்டது. ஐந்து நிமிடம் போதும்.

கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அந்த எண்கோண அறையின் சுவரைச் சுற்றி, கல் இருக்கைகளுக்கு மேலே, ஆதியாகமம், யாத்திராகமம் கதைகள் சிற்பமாக ஓடுகின்றன. நோவாவின் பேழையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் அரை மணி நேரம் தொல்லை செய்ய மாட்டார்கள்.

கதீட்ரல் திறந்திருக்கும்போதே இந்த அறையை முன்கூட்டி மூடிவிடுவதும் உண்டு. மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள்.

6. மூன்றிலிருந்து ஐந்து வரை

மேற்கு முகப்புக்கு இப்போதுதான் வெயில் வரும். சிலைகளைப் படம் எடுக்க இதுவே நேரம். நடக்கத் தெம்பிருந்தால் டவுன் பாத் வழியாகப் புல்வெளிகளைத் தாண்டி ஹார்ன்ஹம் பக்கம் போய்த் திரும்பிப் பாருங்கள். ஓவியர் கான்ஸ்டபிள் வரைந்து பிரபலமாக்கிய காட்சி அந்தப் பக்கத்தில்தான். தெம்பில்லை என்றால் கதீட்ரல் உணவகத்தில் டீ. கூரை கண்ணாடி, கோபுரம் தலைக்கு மேலேயே தெரியும்.

7. ஈவன்சாங்

ஐந்து மணி கடந்ததும் வாசலில் "ஈவன்சாங்குக்கு வந்திருக்கிறேன்" என்று சொன்னால் போதும். டிக்கெட் வேண்டாம், எந்த மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சீக்கிரம் போனால் பாடகர்களுக்குப் பின்வரிசையில், பழைய மர இருக்கைகளிலேயே இடம் கிடைக்கலாம். அன்றைய வழிபாட்டுத் தாள் கையில் தருவார்கள்.

எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்ற பதற்றமே வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுங்கள். நடுவில் ஒரு கட்டத்தில் எல்லாரும் சட்டென்று கிழக்கே திரும்புவார்கள். அது விசுவாசப் பிரமாணம், நீங்கள் சும்மா நின்றாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டாதீர்கள். போனை அணைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கைக்குழந்தை இருந்தால் ஓரத்து இருக்கை கேளுங்கள், இல்லையென்றால் நடுவில் எழுந்து வருவது சங்கடம்.

ஏழு மணி ரயிலைப் பிடிக்கத் தாராளமாக நேரமிருக்கும்.

பிற்சேர்க்கை: சக்கர நாற்காலி பற்றிப் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். தரைத்தளத்தில் பிரச்சினை இல்லை, கோபுரம் மட்டும் முடியாது.

இன்னொரு பிற்சேர்க்கை: "கல்லறையில் கிடைத்த அந்த எலி எங்கே?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மையக்கூடத்தில் இருப்பது வில்லியம் லாங்ஸ்பேயின் கல்லறை. ஜான் மன்னருக்கு ஒரே அப்பா, வேறு அம்மா வழிச் சகோதரர், 1226இல் இறந்தவர். 1791இல் கல்லறையைத் திறந்தபோது மண்டையோட்டுக்குள் காய்ந்த எலி ஒன்று கிடந்தது, அதன் உடலில் ஆர்சனிக் தடயமும் இருந்தது. எலியைக் கதீட்ரலுக்குள் தேடாதீர்கள். அது எதிரே சாலிஸ்பரி மியூசியத்தில் இருக்கிறது, அதற்குத் தனி டிக்கெட்.