3-இன் எந்த மடங்கும் கடைசியில் 153-இல் போய் நிற்கும்: போட்டுப் பார்க்கலாமா?

ஒரு தாளும் பேனாவும் போதும். ஓரத்தில் 0 முதல் 9 வரைக்குமான கனங்களை (2-இன் கனம் 2 × 2 × 2 = 8 என்பதுபோல) எழுதிக்கொள்ளுங்கள்: 0, 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729. இதில் ஒன்று பிசகினாலும் எல்லாம் போச்சு, ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

படி 1: 3-இன் மடங்காக ஏதாவது ஓர் எண்ணை எடுங்கள், 0 மட்டும் வேண்டாம். நான் 84 எடுக்கிறேன்.

படி 2: ஒவ்வோர் இலக்கத்தின் கனத்தையும் கூட்டுங்கள். 512 + 64 = 576. வந்த விடைக்கும் அதையே செய்யுங்கள். 576 போய் 684 வரும், பிறகு 792, 1080, 513, கடைசியில் 153. அதையும் போட்டால் 1 + 125 + 27, மறுபடியும் 153தான். இனி நகராது.

முதல் தடவை நான் செய்தபோது 7-இன் கனத்தை 347 என்று எழுதி வைத்திருந்தேன். 27-இல் தொடங்கி 355, 277, 702, திரும்பவும் 355 என்று செக்குமாடு மாதிரி சுற்றினேனே தவிர 153 கண்ணில் படவே இல்லை. முதல் வரியிலேயே கண்டுபிடித்திருக்கலாம்: 3 + 5 + 5 = 13, அது 3-ஆல் வகுபடாது. சரியாகப் போட்டால் ஒவ்வொரு வரியிலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட்டே தீரும்.

படி 3: அது ஏன்? ஓர் எண்ணின் கனத்திலிருந்து அதே எண்ணைக் கழித்தால் 3-இன் மடங்குதான் கிடைக்கும். 5-க்கு 125 − 5 = 120, அதாவது 4 × 5 × 6. அடுத்தடுத்த மூன்று எண்களைப் பெருக்கினால் அதில் ஒன்றாவது 3-இன் மடங்காக இருக்குமே! ஆகவே இலக்கத்துக்குப் பதில் அதன் கனத்தை வைத்தாலும் 3-ஆல் வகுக்கும்போது வரும் மீதி மாறாது. இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

படி 4: எண் வளர்ந்துகொண்டே போகாதா? போகாது. நான்கு இலக்க எண்ணுக்கு அதிகபட்சம் 4 × 729 = 2916, அதைவிடப் பெரிய எண்ணெல்லாம் சுருங்கி அதற்குள் வந்து விழுந்துவிடும். 2916 வரை 3-இன் மடங்குகள் 972 தான், அதனால் எங்கேயாவது திரும்ப வந்துதான் ஆக வேண்டும். ஆனால் அந்த இடம் 153 தான் என்பதை இந்த வாதம் சொல்லாது, 972-ஐயும் போட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். நாலு வரி நிரல் எழுதத் தெரிந்தால் நொடியில் முடிந்துவிடும்.

153-க்கு வேறு முகங்களும் உண்டு. 1 முதல் 17 வரை கூட்டினால் 153. 1! + 2! + 3! + 4! + 5! என்றாலும் அதேதான் (5! என்றால் 1 × 2 × 3 × 4 × 5).

சரி, 3-இன் மடங்கு அல்லாததை எடுத்தால்? 2-இல் தொடங்கினால் 8, 512, 134, 92, 737, 713 என்று போய் 371-இல் நின்றுவிடும். 370-உம் 407-உம்கூட இப்படித் தம்மிடமே திரும்புபவைதான். 4 எங்கேயும் நிற்காது: 64, 280, 520, 133, 55, 250, மறுபடி 133.