நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிய சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: அறுவைக்குத் தயாராவது எப்படி?

என் கணவருக்கு இடுப்புப் பகுதி நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவிவிட்டது என்றதும், உடனே வெட்டி எடுத்துவிடுங்கள் என்றுதான் டாக்டரிடம் கெஞ்சினேன். அப்படி அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் முதலில் மருந்து, அப்புறம் ஸ்கேன். முடிச்சுகள் சுருங்கியிருந்தால் அறுவையைப் பற்றிப் பேசுவார்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சிறுநீரகம் தாங்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

அறுவையில் சிறுநீர்ப்பை, இடுப்பின் இரு பக்க முடிச்சுகள், ஆண்களுக்குப் பெரும்பாலும் புராஸ்டேட்டும் எடுக்கப்படும். வருடத்துக்கு இப்படி எத்தனை அறுவை செய்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

சிறுநீர் வெளியேற, சிறுகுடல் துண்டை வைத்து வயிற்றில் துவாரம் அமைப்பதானால், அதற்கான இடத்தை முன்பே குறிக்கச் சொல்லுங்கள். நர்ஸ் இவரை உட்காரவைத்து, குனியவைத்து, பேன்ட்டின் இடுப்புப்பட்டை உரசாத இடமாகப் பார்த்துப் பேனாவால் குறித்தார். அந்தச் சில நிமிடங்களின் அருமை வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

துவாரத்தின் மேல் ஒட்டியிருக்கும், சிறுநீர் சேரும் பை பாதி நிரம்புவதற்குள் காலி செய்யுங்கள். புதுப் பை மாட்டுவதைக் காலையில், எதுவும் குடிப்பதற்கு முன் வைத்துக்கொண்டால் சிறுநீர் குறைவாகக் கசியும். சளிபோல வெள்ளையாக வந்தால் பயம் வேண்டாம், அது குடலின் சுரப்பு. ஆனால் குளிர்காய்ச்சலோடு விலாப்பக்கம் வலித்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.