ஒரே ஒரு தோட்டாவை நம்பி ஸ்கோப்பைத் திருகாதீர்கள்

ரைஃபிளில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டும் முன் உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்துவிடுங்கள், அப்புறம்தான் மற்ற வேலை. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங் ஸ்க்ரூக்களை எடுத்த எடுப்பில் இறுக்க வேண்டாம். ஜூமை அதிகபட்சத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போல் தோளில் பிடித்து, கண்ணைத் திறந்தால் ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் முழு வட்டமும் தெரிகிற வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பெரும்பாலும் கண்ணிலிருந்து 3, 4 அங்குலம் இருக்கும். நெருங்கி வைத்தால் உதைப்பில் புருவம் கிழியும், பட்டவர்களுக்குத் தெரியும்! ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு நேராக நிற்க, தூரத்தில் கல் கட்டித் தொங்கவிட்ட ஒரு நூலோடு ஒத்துப் பார்த்தாலே போதும். பிறகு ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

சரி, இனி சுட்டுப் பழகும் ரேஞ்சில். முதலில் 25 கஜத்தில் சுடுங்கள், குண்டு இலக்குத் தாளின் நடுவுக்கு வந்ததும் 100 கஜம். ஒவ்வொரு முறையும் ஒரே வகைத் தோட்டாவில் மூன்று சுட்டு, அந்த மூன்றின் நடுப்புள்ளியை வைத்துத்தான் ஸ்கோப்பைத் திருத்த வேண்டும். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில், திருகும் குமிழின் ஒரு கிளிக் 100 கஜத்தில் குண்டு படும் இடத்தைச் சுமார் கால் அங்குலம் நகர்த்தும். 25 கஜத்தில் அதில் நான்கில் ஒரு பங்குதான், ஆகவே அங்கே ஒரு அங்குலம் தள்ளிப் பட்டால் 4 இல்லை, 16 கிளிக். நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். இடையிடையே குழலை ஆறவிடுங்கள்.