பழைய கசெட்டைத் திரும்பப் பேச வைப்பது எப்படி: திருகோணமலை உப்புக்காற்றுக்குத் தப்பியவற்றுக்கு மட்டும்

பழைய கசெட்டைக் கணினியில் ஏற்றும் இந்த வேலையில் பாட்டுக்காக இறங்காதீர்கள். எண்பதுகளில் வந்த எந்தப் படப் பாட்டென்றாலும் போனில் தேடினால் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும், அதுவும் உங்கள் கசெட்டில் இருப்பதைவிடப் பத்து மடங்கு துலக்கமாக. கசெட்டில் இருந்து எடுக்க வேண்டியது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கிடப்பது. பிறந்தநாள் வாழ்த்தில் மூச்சு விடாமல் பெயர்ப் பட்டியல் வாசிக்கும் ரேடியோ அறிவிப்பாளர், பாதியில் வெட்டுப்படும் விளம்பரம், "சத்தம் போடாத, ரெக்கோட் பண்ணுறன்" என்று தம்பியை அதட்டும் உங்கள் பதினொரு வயதுக் குரல். இதெல்லாம் வேறு எங்கும் இல்லை.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நாலைந்து வருடத்துக்கு முன் ஆறு கசெட்டை ஒரு கடையில் கொடுத்து, எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றித் தரச் சொன்னேன். ஏற்றித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் பாட்டுகள் மட்டும் வரிசையாக ஓடுகின்றன, இடையில் இருந்த பேச்சு முழுவதையும் மெனக்கெட்டு வெட்டி எறிந்திருக்கிறார்கள், அதற்குத் தனியாகக் காசும் வாங்கியிருக்கிறார்கள். கசெட்டுகள் திரும்பி வந்தது என் நல்ல காலம். அன்றிலிருந்து இந்த வேலையை யாரிடமும் கொடுப்பதில்லை.

சரி, எப்போது தொடங்கலாம்? கச்சான் அடிக்கும் மாதங்களில். கடலைக்கொட்டையைச் சொல்லவில்லை, மே கடந்து ஓகஸ்ட் வரைக்கும் மேற்கிலிருந்து அனலாய் வீசுமே, அந்தக் காற்று. மாரியில் நம்மூர்க் காற்றைக் கையால் பிழியலாம், அப்போது கசெட்டைத் திறந்து வைத்தால் இருக்கிற பூஞ்சணம் போதாதென்று புதிதாகவும் பிடிக்கும்.

கசெட்டைக் கையில் எடுத்ததும் முதல் வேலை, முதுகுப் பக்கத்தில் இரண்டு மூலையிலும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்து எடுப்பது. பல் இருந்தால் அதன் மேல் திரும்பப் பதியலாம், கை தவறி ரெக்கோட் பொத்தான் அமுங்கினால் முப்பத்தைந்து வருடம் பத்து விநாடியில் அழியும். பிறகு வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். சுற்றிய நாடாவின் விளிம்பு ஒரே கபில நிறமாக, வழுவழுப்பாக இருந்தால் அதிர்ஷ்டம். வெள்ளையாக மாத் தூவினதுபோல் இருந்தால் பூஞ்சணம், அதை அப்படியே மெஷினுக்குள் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் போகும். மூடியிறுக்கும் டப்பா ஒன்றில், சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே சிலிக்கா ஜெல், அந்தப் பொட்டலங்கள் பத்துப் பன்னிரண்டுடன் ஒரு கிழமை போட்டு வையுங்கள். வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள், இது கருவாடு இல்லை. சூட்டில் கசெட்டின் கூடும் நாடாவும் நெளியும். காய்ந்த பிறகு முற்றத்தில், மூக்கை மூடிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் விளிம்பைத் துடைத்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

அடுத்து கசெட்டின் வாய்ப் பக்கம் நடுவில் பாருங்கள். செப்புத் தகடு ஒன்றின் மேல் சின்னதாக ஒரு கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கசெட்டுகள் பலவற்றில் அதன் பசை காய்ந்து துண்டு விழுந்திருக்கும், அதனால்தான் சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் வரும். கசெட் செத்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். யாருக்கும் வேண்டாத வேறொரு கசெட்டின் கூட்டை எடுத்து, நாடாவை அதற்குள் மாற்ற வேண்டியதுதான்.

இந்த மாற்று வேலைக்கு என்னிடம் ஒரு முறை இருக்கிறது. அம்மம்மாவின் பழைய சுளகில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல்தான் கசெட்டைத் திறப்பேன். ஐந்து சின்ன ஸ்குரூ ஆணி, இரண்டு உருளை, உருளைக்குள் ஊசிபோல் இரண்டு கம்பி, இரு பக்கமும் வழுவழுப்பான தாள் ஒவ்வொன்று. மேசையில் திறந்தால் அந்த ஊசிக் கம்பிகளில் ஒன்று நிச்சயம் நிலத்தில் விழும், விழுந்தால் அடுத்த முறை வீடு கூட்டும்போதுதான் கிடைக்கும். மேல் மூடியைத் தூக்குவதற்கு முன் கசெட் சுளகில் தட்டையாகக் கிடக்கட்டும், தூக்கியதும் வேறொன்றையும் தொடாமல் போனில் ஒரு படம் எடுங்கள். நாடா எந்த உருளைக்கு வெளியே போகிறது, எதற்கு உள்ளே வருகிறது என்பது திறந்த நேரத்தில் கண்ணுக்கு வெளிச்சமாய்த் தெரியும், ஐந்து நிமிடம் கழித்துச் சத்தியமாக நினைவிருக்காது. நாடா சுற்றியிருக்கும் இரண்டு வட்டையும் சேர்த்துப் பிடித்து, நாடா இறங்கி வளையாமல் புதுக் கூட்டுக்குள் இறக்கி, மூடி, ஆணிகளை மூலைக்கு மூலை மாறி மாறி இறுக்குங்கள். அளவாக இறுக்கினால் போதும். கூடு இறுகினால் வட்டு சுழலாது. ஆணியே இல்லாமல் ஒட்டிய கூடுகளும் உண்டு, அவற்றைப் பொருத்து வழியே மெல்லிய கத்தி விட்டு உடைக்கத்தான் வேண்டும்.

நாடா அறுந்திருந்தால் செலோடேப் போடாதீர்கள். பசை கசிந்து பக்கத்துச் சுற்றையும் பிடித்துக்கொள்ளும். ஒட்டுவதற்கென்றே 3.81 மில்லிமீற்றர் அகலத்தில் டேப் விற்கிறார்கள், இணையத்தில் வாங்கலாம். இரண்டு முனையையும் சாய்வாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் முட்ட வைத்து, கூட்டின் உள்பக்கம் பார்க்கும் முகத்தில் ஒட்டுங்கள். வெளிப்பக்கம் ஹெட்டைத் தொடும் பக்கம், அங்கே ஒட்டினால் ஒலி போகும்.

மெஷின் பற்றி. கசெட்டை நேரே கணினியில் ஏற்றும் என்று விற்கும் கையடக்கப் பெட்டிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் வாங்கியது நாடாவை ஒரே வேகத்தில் இழுக்கவில்லை, வயலின் எல்லாம் அழுதது. யார் வீட்டிலாவது அலுமாரிக்கு மேல் கிடக்கும் பழைய கசெட் டெக்கை இறக்கி, ரேடியோ திருத்துபவரிடம் பெல்ட் மட்டும் மாற்றிக் கொள்ளுங்கள். ரப்பர் பெல்ட் இத்தனை வருடத்தில் இளகித் தார்போல் ஆகியிருக்கும், மற்றதெல்லாம் பெரும்பாலும் வேலை செய்யும். பாமசியில் ஐசோபுரோபைல் அல்கஹோல், 90 வீதத்துக்கு மேல் உள்ளதாகக் கேட்டு வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஹெட்டையும், பக்கத்தில் சுழலும் மெல்லிய இரும்புத் தண்டையும், அதை அழுத்தும் கறுப்பு ரப்பர் உருளையையும் துடையுங்கள். பஞ்சு கபிலமாக வருவது நிற்கும்வரை. சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், சிலவற்றில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். ஒவ்வொரு கசெட்டுக்குப் பிறகும் துடைக்க வேண்டும், சோம்பல்பட்டால் உங்கள் பாடு.

இனி யாரும் சொல்லித் தராத ஒன்று. ஹெட்டின் ஒரு பக்கத்தில் சுருள் கம்பியோடு ஒரு ஆணி இருக்கும். அதுதான் ஹெட்டின் சாய்வைத் தீர்மானிப்பது. அந்தக் கசெட்டைப் பதிந்த மெஷின் வேறு, இப்போது போடும் மெஷின் வேறு, சாய்வு ஒரு மயிரிழை மாறினாலும் 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கிப் போகும். ஆணி முதலில் நின்ற இடத்தை ஒரு புள்ளி வைத்துக் குறித்துவிட்டு, கசெட் ஓடும்போதே சின்ன ஸ்குரூ ட்ரைவரால் கால்வாசிச் சுற்றுக்குள் அப்படி இப்படித் திருப்பிப் பாருங்கள். எங்கோ ஓரிடத்தில் திடீரென்று திரை விலகியதுபோல் ஒலி தெளியும். இதற்குப் பாட்டை விட அறிவிப்பாளர் குரல்தான் நல்ல அளவுகோல். இலங்கை வானொலியின் கே. எஸ். ராஜாவோ ராஜேஸ்வரி சண்முகமோ பி. எச். அப்துல் ஹமீதோ கதைத்துக்கொண்டிருக்கும் இடம் ஓடும்போது திருப்புங்கள், அந்த உச்சரிப்பு சரியாக விழுந்தால் ஹெட்டும் சரியாக நிற்கிறது என்று அர்த்தம்.

பதிவதற்கு முன் கசெட்டை ஒருமுறை முன்னே கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள், ஒட்டிக் கிடக்கும் சுற்றுகள் இளகும். 90 நிமிடக் கசெட்டின் நாடா 60 ஐவிட மெல்லியது, அதைப் பென்சிலால் கையாலேயே சுற்றுவது நல்லது. பிறகு டெக்கின் லைன் அவுட்டில் இருந்து கணினியின் லைன் இன்னுக்கு வயர். மடிக்கணினியில் மைக் துளை மட்டும் இருந்தால் அதில் செருகாதீர்கள், ஒலி கிழியும். லைன் இன் உள்ள சின்ன யு.எஸ்.பி. சவுண்ட் கார்ட் ஒன்று போதும். ஆடாசிட்டி இலவச மென்பொருள், அதில் 44,100 ஹேர்ட்ஸ் வைத்து, சத்தத்தின் உச்சம் கழித்தல் 6 டெசிபெலைத் தாண்டாமல் பாருங்கள். டெக்கில் இரைச்சல் குறைக்கும் டொல்பி பொத்தான் அணைந்திருக்கட்டும். கரண்ட் இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள்.

பதிவை நடுவில் நிறுத்தாதீர்கள். நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர்தான் ஓடும், 60 நிமிடக் கசெட்டுக்கு 60 நிமிடம் ஆகத்தான் ஆகும், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். கடைசிப் பாட்டு முடிந்துவிட்டது, இனி வெறும் இரைச்சல்தான் என்று தோன்றும்போதும் நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் ரேடியோவும் டேப்பும் ஒன்றாக இருந்த பெட்டி, மாமா சவூதியில் இருந்து வந்தபோதுதான் வந்தது. அதுவரை பக்கத்து வீட்டு டேப் ரெக்கோடரை இரவல் வாங்கி, ரேடியோவுக்கு முன்னால் வைத்து, வீடே வாயைப் பொத்திக்கொண்டிருக்கும். அந்தக் காலத்துக் கசெட் ஒன்றின் பி பக்கத்தில் பாட்டு முடிந்து ஏழு எட்டு நிமிடம் ஒன்றுமே இல்லை, குசினியில் பாத்திரம் வைக்கும் சத்தம், ஒரு காகம், பிறகு கிட்டத்தில் அம்மம்மாவின் குரல்: "இது இன்னும் சுத்துது பிள்ளை, நிப்பாட்டட்டோ?" அதோடு டக். யாரோ நிப்பாட்டிவிட்டார்கள். அவவின் குரல் வேறு எதிலும் எங்களிடம் இல்லை.

சில குறைகள் கசெட்டின் குறைகள் அல்ல, அவற்றைத் திருத்தப் போகாதீர்கள். ஒலி அலைபோல் ஏறி இறங்கி, பின்னால் விசிலும் தெரியாத மொழியும் கேட்டால் அது இரவில் பதிந்தது. மீடியம் வேவ் என்னும் மத்திய அலை ரேடியோ இருட்டிய பிறகுதான் வானத்தில் பட்டுத் தூரத்து நிலையங்களையும் இழுத்து வரும், பகலில் அப்படி வராது. ஆக, பதிந்த நேரத்துக்கு அதுவே சாட்சி. எல்லோரும் அணில்போல் கீச்சுக் குரலில் கதைத்தால் பதியும்போது பற்றறி இறங்கியிருக்கிறது. மெஷின் மெதுவாக ஓடிப் பதிந்ததை இப்போது சரியான வேகத்தில் போடுகிறீர்கள், அதனால்தான். இதை மட்டும் ஒரு நகலில் வேகம் குறைத்துச் சரி செய்யலாம். இரைச்சல் நீக்கும் வசதியைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினால் பாத்திரச் சத்தமும் காகமும் முதலில் போகும்.

வெளிநாட்டுக்குக் கதைத்து அனுப்பிய கசெட்டுகளும் கட்டுக்குள் கலந்திருக்கும். கடிதத்துக்குப் பதில் ஒரு மணித்தியாலம் கதைத்துப் பதிந்து, போகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுவது அப்போது வழக்கம். அவற்றை முதலில் தனியாகக் கேளுங்கள். காணிப் பிரச்சினை, கலியாணப் பேச்சு, யார் யாரிடம் எவ்வளவு கடன் மாறினது எல்லாம் அதில் இருக்கும், குடும்பம் கூடியிருக்கும்போது போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

கோப்பைச் சுருக்காத வேவ் (WAV) ஆகவே வையுங்கள், 60 நிமிடம் சுமார் 600 மெகாபைட் வரும், இப்போது அது ஒரு இடமா. பெயரில் அட்டையில் எழுதியிருப்பதை எழுத்துப் பிழையோடு அப்படியே போடுங்கள். காசுக்குப் பாட்டுப் பதிந்து கொடுக்கும் றெக்கோடிங் பாரில் கொப்பித் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்துப் பதிவித்த கசெட் என்றால் அந்தத் தாள் உள்ளே மடித்திருக்கும், அதையும் படம் எடுங்கள். ஒரு நகல் வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று ஊருக்கு வெளியே இருக்கும் உறவு யாரிடமாவது. கடல் எவ்வளவு தூரம் வரும் என்று 2004 இல் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கசெட்டைக் கடைசிவரை சுற்றி, நிமிர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில், ஸ்பீக்கருக்குத் தள்ளி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் பாட்டாக அனுப்பாதீர்கள், கோப்பாக இணைத்து அனுப்புங்கள். நான் அந்த பி பக்கத்தைக் கனடாவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் எழுதிய பதில்: "மூண்டாவது பாட்டை நடுவில நிப்பாட்டினது நீதான், நான் இல்லை. இப்பவாவது ஒத்துக்கொள்."