சோளப் பாத்தியில் காகம் இறங்காமலிருக்க ஹோர்ன் கட்டுவது எப்படி?

சோளம் முளைவிட்டதும் காகம் குருத்தைப் பிடித்து இழுக்கும். அடியிலிருக்கும் விதையைத் தின்றுவிட்டுப் பச்சைக் குருத்தை அப்படியே மண்ணில் போட்டுவிட்டுப் போகும். தோட்டத்து லயத்துக்குப் பின்னால் நான் போட்ட பாத்தியில் இதை நிறுத்தியது ஹோர்ன் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்ட காகத்தின் குரல்தான்.

முதலில் ஸ்பீக்கர். ப்ளூடூத் பெட்டி வேண்டாம், திறந்தவெளியில் அதன் சத்தம் எடுபடாது. புனல் மாதிரி வாயுள்ள சின்ன ஹோர்ன் ஸ்பீக்கர் ஒன்று, பென் ட்ரைவ் போடக்கூடிய 12 வோல்ட் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி), மோட்டார் சைக்கிள் பெட்டரி போதும். மழை, பனிமூட்டத் தண்ணீர் உள்ளே தேங்காதபடி ஹோர்னின் வாயைக் கொஞ்சம் கீழே சாய்த்துக் கட்டுங்கள்.

அப்புறம் குரல். காரியமே இதில்தான் இருக்கிறது. இணையத்தில் தேடினால் அமெரிக்க வேட்டைக்காரர்களின் ஒலிகள்தான் குவியும். அங்கே சுடுவதற்காகக் காகத்தைக் கிட்ட அழைக்கிறார்கள்: காகமும் ஆந்தையும் சண்டைபோடும் சத்தம், கூட்டம் சேர்க்கும் கரைதல். வேட்டைக்கு நல்லது, பாத்திக்குக் கேடு. நமக்கு வேண்டியது பிடிபட்ட காகம் கத்தும் அபயக்குரல், அதுவும் நம் ஊர்க் காகத்தினுடையது. கழுத்து சாம்பல் நிறமென்றால் வீட்டுக் காகம். உடம்பெல்லாம் கறுத்து, அலகு தடித்திருந்தால் அண்டங்காகம். உங்கள் பாத்திக்கு வருவது எது என்று பார்த்துக்கொண்டு, பறவைக் குரல் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஸெனோ-காண்டோ (xeno-canto) இணையத்தளத்தில் தேடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் பறவையின் பெயர், இடம், குரலின் வகை எல்லாம் இருக்கும்.

ஒலியைப் போட்டதும் காகங்கள் ஓடாது. மேலே வந்து வட்டமிட்டுக் கத்தும். பதறாதீர்கள். என்ன ஆபத்து என்று பார்க்க வருவது அவற்றின் குணம், பார்த்தபின் கலைந்துவிடும். அரை நிமிடம் போட்டு நிறுத்திவிடுங்கள். காகம் இறங்கும்போது மட்டும் போடுங்கள், ஹோர்னையும் அடிக்கடி இடம் மாற்றுங்கள். நாள் முழுக்க ஓடவிட்டால் அவற்றுக்குப் பழகிவிடும்.

பின்சேர்ப்பு: காட்டுப்பன்றிக்கும் இது சரிவருமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பன்றி இரவில் வருவது. அந்த நேரத்தில் ஹோர்ன் போட்டால் லயத்தில் பிள்ளைகள் தூங்க முடியாது. பன்றிக்கு நல்ல வேலிதான் வழி. கம்பிச் சுருக்கு மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். 2020 மே மாதம் இலங்கை மலையகத்தில் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படியான சுருக்கில் மாட்டி, சில நாட்களில் செத்துப்போனது. உங்கள் பக்கம் சுருக்கு கண்ணில் பட்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே சொல்லுங்கள்.