கூட்டலில் சேராத கழித்தல் குறி

மூன்று நாள் இழுத்தது, ஒருவழியாகத் தீர்ந்தது. பிடிஎஃப்பிலிருந்து எக்செலில் ஒட்டிய பட்டியலில் மொத்தம் எப்போதும் கூடுதலாகவே வந்தது. கழித்தல் எண்கள் கணக்கில் சேரவே இல்லை. எழுத்தாகக் கிடக்கும் கட்டங்களை ‘சம்’ ஃபார்முலா பேசாமல் தாண்டிவிடும், பிழைகூடக் காட்டாது.

செல் வடிவத்தை எண்ணாக மாற்றினேன். ‘ட்ரிம்’ போட்டு இடைவெளிகளை நீக்கினேன். இரண்டும் வீண்.

துப்பு கண்ணெதிரே இருந்தது: அந்த எண்கள் மட்டும், எழுத்துகளைப் போல, கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றன. எழுத்தின் குறியீட்டு எண்ணைக் காட்டும் ‘யூனிகோட்’ ஃபார்முலாவில் கொடுத்ததும் முதல் எழுத்து 8722 என்றது. அது அச்சுக்குரிய கழித்தல் குறி. விசைப்பலகையில் தட்டும் ஹைஃபனுக்கு 45.

கட்டத்திலிருந்து அந்தக் குறியையே நகலெடுத்து, ‘கண்டுபிடி, மாற்று’ பெட்டியில் ஒட்டி, ஹைஃபனாக மாற்றினேன். பாதிதான் சரியானது! மீதியில் இருந்தது 8211, அதாவது ‘என் டேஷ்’ (en dash) எனும் சிறு கோடு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதையும் மாற்றியதும் எண்கள் வலப்பக்கம் நகர்ந்தன, மொத்தம் பொருந்தியது.

மாற்றும்முன் தொகை நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுங்கள். ‘என் டேஷ்’ என்பது ‘1–5’ போன்ற வரம்புகளுக்கு உரிய குறி. அங்கே ஹைஃபன் புகுந்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும்.