ஆறு மாதத்திலேயே நொட்டாங்கையா? இதில் நாம் செய்யும் தவறுகள்

"தாத்தாவும் நொட்டாங்கைதானே மக்களே, அதான் இவனுக்கும்." ஆறேழு மாதப் பிள்ளை எதை நீட்டினாலும் இடக்கையாலேயே வாங்கினால், நாகர்கோவில் பக்கத்தில் பாட்டிமார் சொல்லும் சமாதானம் இது. முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு வயதுக்கு முன் பிள்ளை இரண்டு கையையும் ஒன்றுபோலத்தான் நீட்ட வேண்டும். பழக்கக் கை இடதா வலதா என்பது இரண்டு, மூன்று வயதில்தான் தெளிவாகத் தெரியும். அதற்குள் ஒரு கை மட்டும் முந்தினால், மற்றக் கைக்கு முடியவில்லையோ என்று பார்க்க வேண்டும். வலக்கை மட்டும் முந்தினாலும் இதே கதைதான். அதை யாரும் கவனிப்பதே இல்லை என்பதுதான் இன்னும் மோசம்.

"சுகப்பிரசவம், உடனே அழுதான், நல்ல எடை" என்பதும் உத்தரவாதமில்லை. பிறப்பை ஒட்டி மூளையின் ஒரு பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டிருந்தால், அப்போது வெளியே ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். பிள்ளை கை நீட்டத் தொடங்கும் நாலைந்து மாதத்தில்தான் எதிர்ப்பக்கக் கை பின்தங்குவது கண்ணில் படும்.

வீட்டில் பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. சேலைத் தொட்டிலில் இரண்டு கையும் ஒடுங்கியே கிடக்கும். பாயில் மல்லாக்கக் கிடத்தி, எவர்சில்வர் கரண்டியை நெஞ்சுக்கு நேராக நடுவில் காட்டுங்கள். பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கத்துக் கைதான் வரும். முந்துகிற கையை மெல்லப் பிடித்துக்கொண்டால் மற்றது வருகிறதா? விரல் விரிகிறதா, கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ளேயே மடங்கிக் கிடக்கிறதா? முதல் இரண்டு மாதம் முஷ்டி இயல்பு. நாலு மாதத்துக்குப் பிறகும் எந்நேரமும் இறுக்கமாக இருந்தால் இயல்பல்ல. பசியில் இருக்கும்போது ஒருமுறை பார்த்துவிட்டுப் பயப்படவும் வேண்டாம். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த பிள்ளைக்கு, ஆறு மாதத்தில் நாலு மாதக் கணக்குதான்.

"நடக்கட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய நஷ்டம். விழித்துப் படுத்திருக்கும் பிள்ளையின் இயல்பான அசைவுகளைச் சில நிமிட வீடியோவில் பார்த்தே, மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் பயிற்சி பெற்ற மருத்துவர்களால் பெருமூளை வாத (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு குறைவது) ஆபத்தைக் கணிக்க முடியும். மூன்றரை மாதத் தடுப்பூசி சரியாக அந்த நேரத்தில்தான் வருகிறது. அன்று எடையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள்.

பிறந்த நாளிலிருந்தே ஒரு கை தொங்கினால் அது வேறு: பிரசவத்தில் தோள் சிக்கி நரம்பு இழுபட்டிருக்கலாம். எண்ணெய் தேய்த்து அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே காட்ட வேண்டும். மூன்று மாதமாகியும் முழங்கை மடங்காவிட்டால் சிறப்பு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

யூடியூப் பார்த்து நல்ல கையைக் கட்டிப்போடுபவர்களும் உண்டு. நல்ல கைக்குக் கொஞ்ச நேரம் உறை மாட்டி, மற்றக் கையை விளையாட விடும் சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் எப்போது, எவ்வளவு நேரம் என்பதைச் சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும்.

2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு வருகிறது. சந்தேகம் வந்தபின் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், அல்லது நேரே நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும். போனில் இரண்டு மூன்று வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரைக் கண்டதும் பிள்ளை வீறிட்டு அழுது இரண்டு கையையும் மடக்கிக்கொள்ளும்.